அங்கியில் மடிப்புக் கோடு தெரியாமல் பட்டமளிப்புப் படம் எடுக்க

பட்டமளிப்பு அங்கி வாடகைக்கு எடுத்ததோ சொந்தமாகத் தைத்ததோ, கைக்கு வரும்போது எட்டாக மடிந்து பொலித்தீன் பைக்குள்தான் இருக்கும். விரித்துப் பார்த்தால் நெஞ்சுக்கு நேரே நெடுக்காக ஒரு கோடு, குறுக்காக மூன்று கோடு. "போட்டால் சரியாகிவிடும்" என்று மனம் சொல்லும். சரியாகாது. கறுப்புத் துணியில் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்தால் கோட்டின் ஒரு கரை மினுங்கும், மறுகரை இருளும். கமரா முதலில் பிடிப்பது அதைத்தான். வீட்டு ஹோலில் காலத்துக்கும் தொங்கப்போகிற படத்தில் பிள்ளையின் முகத்தை முந்திக்கொண்டு அந்தக் கோடு நிற்கும்.

நான் மட்டக்களப்புப் பக்கம் செங்கலடியில், பதுளை வீதி பிரிகிற சந்திக்குக் கிட்ட தையல் கடை வைத்திருக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகம் பக்கத்திலேயே. பட்டமளிப்புக்குச் சாறிச் சட்டை தைக்க வருகிற பிள்ளைகள், முதல் நாள் பின்னேரம் பையோடு திரும்பி வருவார்கள். "அக்கா, விடிஞ்சாப் படம். இத ஒருக்காப் பாருங்க, எப்பிடிக் கசங்கிக் கிடக்கு." ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் வாய் நோகாது.

முதலில் துணி எது என்று பாருங்கள்

அங்கியின் உள்பக்கத்தில், கழுத்துக்குக் கீழே அல்லது இடுப்புப் பக்கத் தையலில் ஒரு சின்ன லேபல் இருக்கும். அதில் அயன் படம் போட்டு உள்ளே புள்ளி வைத்திருப்பார்கள். ஒரு புள்ளி என்றால் 110 பாகை செல்சியசுக்கு மேலே போகக்கூடாது. இரண்டு புள்ளி 150. மூன்று புள்ளி 200, அது பருத்திக்கும் லினனுக்கும். படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் அயனே வைக்கக்கூடாது.

உள்ளூரில் தைத்த அங்கிகளில் பெரும்பாலும் லேபல் இருக்காது. நான் செய்வது இதுதான்: உள்தையலின் விளிம்பில் தொங்குகிற நூல் ஒன்றை வெட்டி, அங்கியை விட்டுத் தூரப்போய், இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டுவேன். உருகிச் சுருண்டு கறுப்பாக ஒரு கெட்டி மணியாக நின்றால் பொலியஸ்டர். கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டதும் உதிர்கிற சாம்பலானால் பருத்தியோ ரேயனோ. தைத்த நூலை அல்ல, துணியிலிருந்து பிரிந்து நிற்கிற நூலைத்தான் எடுக்க வேண்டும். தையல் நூல் அனேகமாக எப்போதும் பொலியஸ்டர்தான், அதை எரித்துப் பார்த்து ஒன்றும் விளங்காது.

என் கடைக்கு வருகிறவற்றில் பருத்தி அங்கி மிக அரிது. அதனால் இனிமேல் சொல்வதெல்லாம் பொலியஸ்டருக்குத்தான்.

தண்ணீர் தெளித்தால் ஏன் போகாது

அம்மாமார் செய்கிற முதல் வேலை தண்ணீர் தெளித்துத் தடவிவிடுவது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அது சரி. பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8 வீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்துவிடும். பொலியஸ்டர் இழுப்பது 0.4 வீதம் அளவுதான். எவ்வளவு தெளித்தாலும் மேலே நின்று வழியுமே தவிர நூலுக்குள் போகாது.

பொலியஸ்டரைத் தளர்த்துவது சூடு. 70, 80 பாகையைத் தாண்டினால் நூல் இளகத் தொடங்கும். உருகுவது 250 பாகைக்கு மேலே. ஆனால் அதற்கு வெகு முன்னரே, பாரமான அயன் தட்டின் கீழ் நூல் நசிந்து தட்டையாகிவிடும், அதுதான் கறுப்புத் துணியில் பளபளவென்று தெரிகிற அயன் அடையாளம். கொதிநீராவி 100 பாகை. இளகுவதற்குப் போதும், நசிப்பதற்குப் பாரம் இல்லை. ஆவி பிடிப்பது பொலியஸ்டருக்கு ஏன் தோதென்றால் இந்தக் கணக்குத்தான்.

இன்னொன்றும் உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரைப் பாகு சூட்டில் இருக்கும்வரை இழுத்த பக்கம் வரும், ஆறினால் ஆறிய கோலத்திலேயே நின்றுவிடும். பொலியஸ்டர் நூலும் அப்படித்தான். ஆவி பிடித்த கையோடு மடித்துக் கையில் போட்டுக்கொண்டு ஓடினால் பழைய கோடு போய்ப் புதுக் கோடு வரும். சூடு, பாரமில்லாமை, தொங்கியபடி ஆறுவது. இந்த மூன்றில் கடைசி இரண்டுக்கும் காசு செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும்.

இதே காரணத்தால் மடித்த அங்கியை வெயிலில் நிற்கிற வானின் பின்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைக்காதீர்கள். வெக்கையான கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மூடிய வாகனத்துக்குள் கண்ணாடி ஓரம் கொதிக்கும். மடிப்பின் மேல் பையோ பெட்டியோ இருந்தால் அந்தக் கோடு அயன் பிடித்த மாதிரிப் பதிந்துவிடும்.

கையில் என்ன இருக்கிறது என்று பார்த்து

கையில் பிடிக்கிற ஸ்டீமர் இருந்தால் அதுதான் நல்லது. எங்கள் பக்கத்தில் அது கடையில் வாங்கியதாக இருப்பது குறைவு. கட்டாரிலோ டுபாயிலோ இருக்கிற யாராவது கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். அது பிரச்சினை இல்லை, அங்கேயும் இங்கேயும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். கனடாவிலிருந்து வந்த ஸ்டீமரைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. பின்பக்கத்தில் 110 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் பயன்படுத்தலாம். 120 மட்டும் என்றால் தொடவே வேண்டாம். கொழுவிய கொஞ்ச நேரத்தில் புகைந்துவிடும்.

அடுத்தது பிளக். ஸ்டீமர் 1500 வாட் என்றால் ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளில் உள்ள சின்ன வட்டக்கால் பொயின்ற் 5 அம்பியர், அது தாங்குவது 1150 வாட் மட்டும். மல்டி பிளக் வைத்து அதில் போன் சார்ஜரோடு சேர்த்துக் கொழுவினால் பிளக் இளகி மணம் வரும். 13 அல்லது 15 அம்பியர் பொயின்றில் நேரே போடுங்கள்.

தொட்டிக்குள் ஊற்றுகிற தண்ணீரும் முக்கியம். கரையோரத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். சுண்ணாம்பும் உண்டு. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. அந்தத் தண்ணீரை ஸ்டீமரிலோ ஸ்டீம் அயனிலோ ஊற்றினால் இடையிடையே துப்பும். கறுப்பு அங்கியில் வெள்ளைப் பொட்டாகக் காயும். போத்தல் தண்ணீரோ உப்பை நீக்குகிற பில்டர் தண்ணீரோ ஊற்றுங்கள். ஆவி சீராக வரும்வரை முதல் ஒரு நிமிடம் பழைய துணியில் அடித்துவிட்டுப் பிறகு அங்கிக்குக் கொண்டுபோங்கள்.

ஸ்டீமர் இல்லாத வீடுதான் கூட. சாதாரண அயன் போதும், கூட ஒரு ஈரத்துணி வேண்டும். அந்தத் துணிக்கு நான் வைத்திருப்பது பழைய வெள்ளை வேட்டித் துண்டு. பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போனதாக இருக்க வேண்டும். கஞ்சி இருந்தால் அங்கியில் வெள்ளையாக ஒட்டும், நிறத்துணியென்றால் சாயம் இறங்கும். துவாய் வேண்டாம், அதன் நூல்வளையங்கள் துணியில் பதியும். நனைத்து, இனிச் சொட்டாது என்கிற அளவுக்குப் பிழிந்து, அங்கியின் மேல் விரித்து, இரண்டு புள்ளிச் சூட்டில் அயனை வைக்க வேண்டும். ஈரம் ஆவியாகிச் "ஸ்ஸ்" என்று கீழே இறங்கும். லேபலில் ஒரு புள்ளி என்றால் ஒரு புள்ளியில்தான். ஆவி குறைவாக வரும், நேரம் கூடப் போகும், அவ்வளவுதான்.

இணையத்தில் பார்க்கிற "சுடுநீர் ஷவரைத் திறந்துவிட்டு அங்கியைத் தொங்க விடுங்கள்" என்ற யோசனை நம்முடைய வீடுகளுக்கு ஆகாது. எங்களில் எத்தனை பேர் வீட்டில் சுடுநீர்க் குழாய் இருக்கிறது? கிணற்றடியில் குளித்துவிட்டு வருகிறோம். அதற்குப் பதிலாகப் பெரிய சோற்றுப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, யன்னல் பூட்டிய சின்னக் குளியலறைக்குள் வைத்து, அங்கியைச் சுவரிலும் பானையிலும் படாமல் மேலே கொழுவி, கதவைச் சாத்தி இருபது நிமிடம் விடலாம். உடுத்திருந்து வந்த இலேசான சுருக்கம் போகும். பொலித்தீன் பைக்குள் மாதக்கணக்கில் கிடந்த மடிப்புக்கு இது காணாது. சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிற வீட்டில் கொதிநீர்ப் பானையைத் தரையில் வைக்கிற வேலையே வேண்டாம்.

லோன்றியில் கொடுக்கலாமா என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது வாயைத் திறந்து "இது பொலியஸ்டர், மேலே துணி போட்டுப் பிடியுங்கோ அண்ணே" என்று சொல்லிக் கொடுங்கள். இன்னும் சில இடங்களில் சிரட்டைக்கரி போட்ட பெட்டியால்தான் அயன் பிடிக்கிறார்கள். அந்தப் பெட்டியில் பிடித்த பருத்தி வேட்டியின் நேர்த்தி கரண்ட் அயனில் வராது, அது வேறு கதை. ஆனால் கரிப்பெட்டிக்குச் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு கிடையாது. அவருடைய கைப்பழக்கம்தான் திருகு. பொலியஸ்டர் என்று தெரிந்தால் ஆறவிட்டுப் பிடிப்பார். தெரியாவிட்டால் வேட்டிக்குப் பிடித்த சூட்டிலேயே வைத்துவிடுவார்.

கையை எங்கே தொடங்குவது

அங்கியை உள்வெளியாகப் புரட்டுங்கள். தப்பித்தவறி மினுக்கம் விழுந்தாலும் உள்பக்கத்தில் விழட்டும். பொத்தானோ கொக்கியோ சிப்போ இருந்தால் பூட்டிவிடுங்கள், திறந்து கிடந்தால் விளிம்பு அலையடிக்கும்.

தோளில் தொடங்குங்கள். அங்கியின் முழுப் பாரத்தையும் தாங்குவது தோளிலிருந்து முதுகுக்கு இறங்குகிற அந்தத் துண்டுதான். அது நேராக நின்றால் கீழே உள்ளது பாதி தானாகவே விழும். பெரும்பாலான அங்கிகளில் அந்தத் துண்டுக்குக் கீழே முதுகில் நெருக்கமாகச் சுருக்கு வைத்துத் தைத்திருப்போம். கைகளின் தோள்மூட்டிலும் அப்படியே. அதைக் கசங்கல் என்று நினைத்து அயனால் அமத்தித் தட்டையாக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு அழுகை வரும். அந்தச் சுருக்கில்தான் அங்கி பின்னால் விரிந்து விழுகிற அழகே இருக்கிறது. அயனின் கூர்முனையைக் கீழிருந்து மேலே, சுருக்குத் தொடங்குகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்துங்கள். தையலைத் தாண்டி ஏறவேண்டாம். சுருக்கின் உள்ளுக்கு ஆவி மட்டும் காட்டிவிட்டு, விரலால் ஒவ்வொரு சுருக்காகக் கீழே இழுத்துவிடுங்கள்.

மறுகா கை. மேசையில் வைத்துக் கையைத் தட்டையாக அயன் பிடித்தால் இரண்டு ஓரத்திலும் புதுக்கோடு விழும், சட்டைக்கைக்கு விழுகிற மாதிரி. அங்கியின் கைக்கு அந்தக் கோடு இருக்கவே கூடாது. துவாயை உருட்டிக் கைக்குள் செருகி, அதன் மேல் சுற்றிச் சுற்றிப் பிடியுங்கள்.

அடுத்தது உடல், பின்பக்கம் முதலில். அயனை இழுக்க வேண்டாம். தூக்கி வைத்து, மூன்று நான்கு வினாடி, தூக்கி அடுத்த இடத்தில் வைப்பது. இழுத்தால் நூல் சாயும், ஓரம் கோணும், கீழ் விளிம்பு ஒரு பக்கம் இறங்கும். அயன் வைத்த இடத்தில் ஈரத்துணியை எடுத்ததும் ஆவி பறக்கும். அந்த நேரம் உள்ளங்கையால் துணியை மெதுவாக நீவி ஒரு மூச்சு நேரம் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கோடு அப்போதுதான் போகும், அயன் கீழே இருந்தபோது அல்ல.

முன்பக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள், கடைசியில் செய்ததுதான் கசங்காமல் இருக்கும். படத்தில் விழுவதும் அதுதான். கழுத்திலிருந்து கால் வரை இரண்டு பக்கமும் ஓடுகிற முன்பட்டிக்கு உள்ளே ஒட்டுத்துணி வைத்திருப்பார்கள். அது பசையால் ஒட்டியது. சூடு கூடினாலோ ஒரே இடத்தில் ஆவி அதிகம் அடித்தாலோ பசை விட்டு, மேல்துணி கொப்புளம் மாதிரி எழும்பும். எழும்பினால் அங்கேயே விட்டுவிட்டுக் காயவிடுங்கள். பிறகு காய்ந்த துணி போட்டு அசையாமல் ஒரு பத்து வினாடி அமத்தினால் பல நேரம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். தையல் தடிப்பாக இருக்கிற இடங்களில், தையலுக்கும் துணிக்கும் நடுவில் பழுப்புக் கடதாசித் துண்டு ஒன்றைச் செருகிப் பிடித்தால் தையலின் தழும்பு வெளியே தெரியாது.

ஸ்டீமர் உள்ளவர்கள் இதே ஒழுங்கில், தொங்கவிட்டபடி, துணிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு போகலாம். மற்றக் கையால் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு உடுத்திவிட்டு ஆவி காட்டுகிற வேலையைச் செய்யாதீர்கள். ஆவிச் சூடு உள்ளே சாறிச் சட்டையைத் தாண்டித் தோலில் ஏறும். கொதிநீர் பட்டதுபோலவே பொக்களம் போடும்.

ஏறாவூர்ப் பக்கமிருந்து ஒரு உம்மா மகனுடைய அங்கியைக் கொண்டுவந்தார். யாரோ உதவி செய்கிறேன் என்று மூன்று புள்ளிச் சூட்டில் நேரே வைத்து, இடது நெஞ்சில் அயனின் அடித்தட்டு அச்சாகப் பதிந்திருந்தது. வினாகிரி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து துணியை நனைத்து மேலே போட்டு இலேசாக ஆவி பிடித்தால் சின்ன மினுக்கம் மங்கும். இது நூலே அடியோடு நசிந்து தட்டையானது. அதற்கு மருந்து கிடையாது. கடைசியில் கழுத்தில் போடுகிற பட்டையை இரண்டு அங்குலம் இடப்பக்கம் தள்ளி உள்ளே ஊசி குத்திக் கொடுத்தேன். மிச்சத்தைச் சான்றிதழ்ச் சுருளைப் பிடித்த கை மறைத்துக்கொண்டது. தம்பி படத்தில் கம்பீரமாகத்தான் நின்றார்.

பட்டையும் ஹூட்டும் தொப்பியும்

கழுத்துப் பட்டையும், முதுகில் தொங்குகிற ஹூட்டின் உள்துணியும் மினுமினுப்பான சாற்றின் துணியாக இருந்தால் பின்பக்கத்தில் மட்டும், காய்ந்த துணி போட்டு, ஒரு புள்ளிச் சூட்டில். சாற்றினில் தண்ணீர்த்துளி விழுந்தால் வட்டமாகக் கறை நிற்கும், ஆகவே ஈரத்துணி வேண்டாம். வெல்வெட் இருந்தால் அயன் கிட்டப் போகவே கூடாது. தூரத்தில் ஆவி காட்டி, மென்மையான பிரஷால் ஒரே திசையில் வாரிவிடுங்கள். பொன்னிற ஜரிகை நாடா தைத்திருந்தால் அதன் மேலும் அயன் வேண்டாம். சதுரத் தொப்பிக்குள் இருப்பது மட்டை. ஆவி பட்டால் வளைந்துவிடும். காய்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

இரவு எங்கே தொங்கும்

படம் காலையில் என்றால் இந்த வேலை முதல் நாள் பின்னேரத்தில் முடிய வேண்டும். காலையில் செய்தால் அவசரத்தில் அரைச்சூட்டோடு போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறுவீர்கள், முதுகும் இருக்கையும் பட்ட இடமெல்லாம் கசங்கும்.

கம்பி ஹேங்கரில் போட்டால் தோளில் இரண்டு முனை எழும்பி நிற்கும். கோட்டுக்குப் போடுகிற அகலத்தோள் ஹேங்கர் தேடுங்கள். இல்லையென்றால் சாதாரண ஹேங்கரின் இரண்டு பக்கமும் துவாயைச் சுற்றி நூலால் கட்டுங்கள். கொழுவுகிற இடம் கீழ் விளிம்பு நிலத்தில் படாத உயரமாக இருக்க வேண்டும். யன்னல் கிறில், திரைச்சீலைக் கம்பி, அலுமாரியின் மேல்விளிம்பு எதுவும் சரி. சுவரோரம் வேண்டாம், சுண்ணாம்பு அடித்த சுவரில் கறுப்புத்துணி ஒருமுறை உரசினாலே போதும், வெள்ளையாக அப்பிக்கொள்ளும்.

சமையலறைப் பக்கம் வேண்டாம், நுளம்புச் சுருள் கொளுத்துகிற அறையிலும் வேண்டாம். மின்விசிறி மெல்லச் சுழலட்டும். மார்கழி மழைக்காலத்தில் இது கட்டாயம், அந்தக் காலத்துக் காற்றிலேயே ஈரம் ஊறியிருக்கும், உள்தையல் காய நேரமெடுக்கும். பிறகு மேலே பழைய பருத்திச் சாறி ஒன்றைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள். பல்லிக்காகச் சொல்கிறேன். விடிய எழும்பிக் கறுப்பு அங்கியின் தோளில் வெள்ளையாக ஒன்று காய்ந்து கிடப்பதைப் பார்த்து அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காலையில் போர்வையை எடுத்ததும் செலோடேப்பைப் பசை வெளியே வரக் கையில் சுற்றி, நூல்துணுக்கு, பூனை மயிர் எல்லாவற்றையும் ஒற்றி எடுங்கள். துணியை நனைத்துத் துடைக்கப் போகாதீர்கள்.

வீட்டிலிருந்து கமரா வரைக்கும்

வந்தாறுமூலையில் எடுத்தாலும் சரி, கல்லடிப் பாலத்துக்கோ கடற்கரைக்கோ கோட்டைப் பக்கமோ போனாலும் சரி, ஒலுவில் வளாகத்துப் பிள்ளைகள் தங்கள் கடற்கரைக்குப் போனாலும் சரி, அங்கியை உடுத்திக்கொண்டு பயணம் செய்யாதீர்கள். ஹேங்கரோடு சாறிக் கவருக்குள் போட்டு, ஆட்டோவின் மேல்கம்பியிலோ வானின் கைப்பிடியிலோ தொங்கவிடுங்கள். மோட்டார் சைக்கிளில்தான் போக வேண்டும் என்றால் பின்னால் இருக்கிறவர் ஹேங்கரைத் தோளுக்கு மேலே பிடிக்க நினைக்க வேண்டாம், காற்றில் பறக்கும், சில்லுக்குள்ளும் போகும். அதற்குப் பதிலாக அங்கியை நெடுக்காக மூன்றாக மடக்கி, நடுவில் துவாய் வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரித் தளர்வாகச் சுருட்டிப் பைக்குள் வையுங்கள். மடித்தால் கோடு. சுருட்டினால் வளைவு, அது பத்து நிமிடம் தொங்கினால் போய்விடும்.

பெண்பிள்ளைகளுக்கு ஒன்று. அங்கிக்குக் கீழே சாறி எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் முன்பக்கம் விழும். மருதமுனைக் கைத்தறிச் சாறிபோல உடம்பு உள்ள துணியென்றால் கொசுவத்தை அகலம் குறைத்து, நன்றாக அமத்தி, தொப்புளுக்குக் கீழே ஊசி குத்திவிடுங்கள். கொசுவம் முன்னுக்குத் தள்ளினால் அங்கி எவ்வளவு நேராக இருந்தாலும் வயிற்றடியில் மடிந்து நிற்கும். தோளில் முந்தானைத் தடிப்பும் அப்படித்தான், ஒற்றையாக விரித்துப் போட்டால் அங்கியின் தோள் படியும். ஆண்பிள்ளைகள் சட்டைப் பையிலிருந்து போனையும் பேர்ஸையும் எடுத்து யாரிடமாவது கொடுங்கள்.

போட்டோகிராபர் தயாரானதும் அங்கியைப் போடுங்கள். தோளைப் பிடித்து ஒருமுறை உதறி, பின்னால் நிற்கிற ஆள் முதுகுச் சுருக்கை இழுத்துவிட்டு, கீழ் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்க்க வேண்டும். இடையில் உட்கார நேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி ஒதுக்கிவிட்டு உட்காருங்கள்; அங்கியின் மேலேயே உட்காராதீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் கேட்டு வையுங்கள், அது தையல்காரியின் வேலை இல்லையென்றாலும். கல்லடிக் கடற்கரையில் சூரியன் கடலுக்கு மேலே எழும்புவதால் விடியற்காலை வெளிச்சம் தாழ்வாக, கிடையாக வரும். அதற்குப் பக்கவாட்டில் நின்றால் மிச்சமிருக்கிற சின்னச் சுருக்கமும் நிழல்விட்டுத் தெரியும். வெளிச்சத்துக்கு முகம் கொடுத்து நின்றால் அமுங்கிவிடும். மேகம் மூடிய நாளோ மரநிழலோ கிடைத்தால் இன்னும் நல்லது. பாலத்தில் காற்று எப்போதும் உண்டு. முன்பட்டியின் உள்பக்கத்தில், முழங்கால் உயரத்தில், இரண்டு சட்டைப்பின் குத்திச் சாறியோடு அல்லது ஒன்றோடு ஒன்று இணைத்துவிட்டால் அங்கி பறந்து விரியாது.

அந்த இடத்தில் ஒரு கோடு திடீரென்று கண்ணில் பட்டால், தலைமயிர் நேராக்குகிற ஸ்ட்ரெயிட்னர் யாரிடமாவது இருக்கும். ஆகக்குறைந்த சூட்டில் வைத்து, கைலேஞ்சியை மடித்து இரண்டு பக்கமும் மூடி, அதற்கு மேலாகப் பிடித்து உடனே விடுங்கள். ஆளின் உடம்பிலிருந்து கழற்றிய பிறகுதான். முன்பட்டிக்கும் கழுத்துக்கும் இது சரிவரும். நெஞ்சின் நடுவே குறுக்காகக் கிடக்கிற கோட்டுக்கு ஸ்ட்ரெயிட்னர் எட்டாது. அதற்குப் பட்டையை மேலே இழுத்துவிட்டுப் படத்தை எடுங்கள்.

வாடகை அங்கியென்றால் படம் முடிந்ததும் வியர்வையோடு பைக்குள் அடைக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் நிழலில் காற்றாட விட்டு, குத்திய சட்டைப்பின்கள் எல்லாவற்றையும் எண்ணிக் கழற்றி, கீழ் விளிம்பில் ஒட்டிய கடல்மண்ணை உதறி, வந்த மாதிரியே மடித்துக் கொடுங்கள். கொடுக்கும்போது அங்கேயே விரித்துக் காட்டி, முற்பணத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.